கவர்னர் ஹார்க்ரோவின் கைகள்

டேட்டன், ஒஹாயோ
ஜனவரி 14, 2018

அன்புள்ள சீஃபஸ் அண்ணனுக்கு,

நம் கொள்ளுத்தாத்தா ஐசம் பெட்டிஃபோர்ட் எப்படி இறந்தார்? டன்ஸ்பரோ நகரசபையின் சிலைக் குழு என்னிடம் எழுத்தில் கேட்டிருக்கிறது. எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்றுதான் எழுதப் போகிறேன். உங்களைக் கேட்காமல் அப்படி எழுதுவது சரியில்லை என்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் எப்படி? தொலைபேசியில் கத்தி மாளவில்லை, பழையபடி கடிதமே எழுதிக்கொள்வோம் என்று கிறிஸ்துமஸின்போது சொன்னீர்கள். சாலை உடைக்கும் இயந்திரத்தோடு இருபத்தேழு வருஷம் நின்ற காதுகளை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் இதுதான் சௌகரியம். எழுதும்போது எனக்குக் கோபம் குறைவு.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே. நீதிமன்றத் திடலில் நிற்கும் கவர்னர் ஹார்க்ரோவின் சிலையை வைப்பதா, எடுப்பதா என்று மே மாதம் பொது விசாரணை. நம் கறுப்பின ஆட்களின் ஓட்டைப் பறித்த சட்டத்தை "என் கையாலேயே எழுதினேன்" என்று மேடைக்கு மேடை பெருமை பேசிய மனிதர். நான் அந்த ஊரில் பிறந்தவள், பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால், சிலையின் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிலையின் கைகள் ஐசமின் கைகள் என்ற நம் வீட்டுக் கதையையும் யாரோ குழுவிடம் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

அம்மா அதைச் சொன்னபோதெல்லாம் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். நீங்கள் முழுதாகக் கேட்டவர். எழுதி அனுப்புங்கள். எது கண்டது, எது கேட்டது என்று பிரித்து எழுதுங்கள்.

இங்கே முழங்கால் வரை பனி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
வெர்லீன்

*

டன்ஸ்பரோ, வட கரோலினா
பிப்ரவரி 2, 2018

கர்த்தருக்குள் அன்பான தங்கை வெர்லீனுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். முழங்கால் மழை வருவதை வானொலிக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார், அவரும் என்னோடு வறுத்த பன்றி தின்கிறவர்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பிரித்து எழுதச் சொல்கிறாய். நான் எதையும் கண்டதில்லை. எல்லாம் கேட்டதுதான்.

அம்மா சொன்னது இது. ஐசம் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஹோட்டலில் பரிமாறுகிறவர். சிலை செய்ய வடக்கேயிருந்து வந்த சிற்பி மூன்று வாரம் அங்கே தங்கிச் சாப்பிட்டார். கவர்னரின் கைகள் குட்டையானவை, வாதத்தில் முடங்கியவை. சட்டம் எழுதிய கைகள் அழகாக இருக்க வேண்டுமே. ரொட்டிக் கூடையை நீட்டிய ஐசமின் கைகளைச் சிற்பி பார்த்தார். பின்கட்டு அறையில் உட்காரவைத்து, சாந்து பூசி அச்செடுத்தார். 1912 மே மாதம் சிலையைத் திறந்தார்கள். மறு வருஷம் அக்டோபரில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் வருவதற்கு முன், சமையலறை வாசலில் வெள்ளைக்காரர்கள் நாலு பேர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஐசம் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான். உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. புகைப்படம் ஒன்றுகூட எடுத்ததில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும், வெளியூர்க்காரர்களெல்லாம் சபைக்குத் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெட்டிஃபோர்ட் வீட்டார் திடல் வழியாகத்தான் நடப்பார்கள். சிலைக்கு முன் நின்று தொப்பியைக் கழற்றுவார்கள். வெள்ளைக்காரன் சிலையை நம் ஆட்கள் நிமிர்ந்து முறைத்துப் பார்க்க முடியாத காலம். அதனால் தலை குனிந்திருக்கும், கண் மட்டும் மேலே. உன்னையும் அம்மா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நீ இதை நம்புகிறாயா என்று கேட்க மாட்டேன். உனக்குத் தாள் வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

அண்ணன்,
சீஃபஸ்

*

டேட்டன்
பிப்ரவரி 20, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் நலம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிலையை வைத்திருக்கச் சொல்லும் தரப்பின் ஆதாரங்கள் எனக்கு வந்திருக்கின்றன. அவர்களுடைய வக்கீல் சாட்டர்வைட் கெட்டிக்காரர். 1931 ஆகஸ்டில் ஊர்ப் பத்திரிகையில் வந்த ஒரு துணுக்கு அவருடைய முதல் ஆதாரம். "நன்றி மறவாத நம் கறுப்பின மக்கள் இன்றும் கவர்னரின் முன் தொப்பி கழற்றித் தலை வணங்குவதைக் கண்டு நெகிழ்ந்தோம்" என்கிறது. பெயர்களும் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பெட்டிஃபோர்ட்கள். கடைசிப் பெயர் "சிறுமி ஆர்லீத்தா". அம்மாவுக்கு அப்போது நாலு வயது.

அந்தத் துணுக்கை அவர் விசாரணையில் படிக்கப் போகிறார். சிலையை எல்லோரும் நேசித்தார்கள், இப்போதுதான் யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று சொல்ல நம் வீட்டாரின் குனிந்த தலைகள் அவருக்கு உதவுகின்றன. வருஷா வருஷம் போய் நிற்க வேண்டும் என்று யார் ஆரம்பித்தார்களோ, அவர்கள்மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இன்னொன்று. குழு அனுப்பிய புதிய புகைப்படத்தில் சிலை முழுக்கப் பச்சை படிந்து மங்கிக் கிடக்கிறது. கைகள் மட்டும் பளபளக்கின்றன. யார் துடைக்கிறார்கள்?

மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெர்லீன்

*

டன்ஸ்பரோ
மார்ச் 8, 2018

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நேற்று முடி வெட்டப் போனேன். சாட்டர்வைட் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியை லெமுவேல் கத்திரிக்கோலை நிறுத்திவிட்டுப் படித்தான்.

"கேட்டியா சீஃபஸ்? உங்க ஆளுங்க கவர்னரக் கும்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம்."

"சத்தமாப் படிடா."

"இதுக்கு மேல கத்தினா நீதிமன்றத்துக்கே கேட்டுடும். உங்க தாத்தா தொப்பியக் கழட்டினாராம், அங்க நின்ன பொம்பளைங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சாம்."

முகத்தில் நுரையோடு சாய்ந்திருந்த நம் சபை டீக்கன் ப்ளௌன்ட் சொன்னார்: "பெட்டிஃபோர்ட் வீட்டு ரத்தம்ப்பா அது. நிக்கிற எதையும் கும்பிடும். தீயணைப்பு வண்டி நின்னாக்கூட தொப்பியக் கழட்டுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன்.

வெர்லீன், நான் முடிவு செய்துவிட்டேன். விசாரணையில் எழுந்து பேசப் போகிறேன். நாங்கள் அவனைக் கும்பிடவில்லை, எங்கள் ஆளின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எல்லார் முன்பும் சொல்லப் போகிறேன். மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சிலையை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகட்டும். கைகளை மட்டும் அறுத்து எங்களிடம் தரட்டும். சபைக் கல்லறையில் அடக்கம் பண்ணி ஐசம் பெயரில் கல் வைக்கிறேன். நூற்றைந்து வருஷமாக அவருக்கு ஓர் இடம் இல்லை.

நீ தாள்களோடு வாழ்கிறவள். எனக்கு ஒரு தாள் கண்டுபிடித்துக் கொடு. சிற்பி இந்த ஊருக்கு வந்தார், ஹோட்டலில் தங்கினார் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

அண்ணன்,
சீஃபஸ்

பளபளப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே இந்த வருஷம் மழை அதிகம்.

*

டேட்டன்
மார்ச் 27, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

மழை கைகளை மட்டும் தேடிப் பெய்யாது. போகட்டும்.

சிற்பி வால்டர் கீன்ஹோல்டின் தாள்கள் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஓவியக் கல்லூரியின் சேமிப்பறையில் இருக்கின்றன. ஞாயிறன்று புறப்படுகிறேன். ஒரு வரி இருந்தால் கொண்டு வருவேன். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதுவேன். நான் கண்டுபிடிப்பது உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ள முடியாது, அப்படி வேண்டிக்கொண்டு தேடுகிறவர்களின் வேலையைத்தான் நான் வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பயணம் முடிந்ததும் எழுதுகிறேன்.

வெர்லீன்

*

ஃபிலடெல்ஃபியா
ஏப்ரல் 2, 2018
(இதை நான் தபாலில் சேர்க்கவில்லை.)

அன்புள்ள அண்ணனுக்கு,

கிடைத்துவிட்டது.

சேமிப்பறையில் அலமாரி அலமாரியாகச் சாந்தில் வார்த்த உறுப்புகள். காதுகள், பூட்ஸ் அணிந்த பாதங்கள், மீசையோடு பாதி முகங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண் கீறியிருக்கிறது. பட்டறையின் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கம். 14: ஆண் கைகள், ஒரு ஜோடி. அச்செடுத்தது 1904. மாதிரி: பீப்பாய் செய்யும் ஜெர்மன்காரர் ஒருவர். பெயர் எழுதவில்லை. பயன்பட்ட இடங்கள்: நீதிபதி, ஒஹாயோ. பிஷப், பென்சில்வேனியா. கவர்னர், டன்ஸ்பரோ.

டன்ஸ்பரோ பெண்கள் சிலைச் சங்கத்துக்குச் சிற்பி எழுதிய கடிதத்தின் நகலும் இருக்கிறது. உடல்நிலை காரணமாகத் தங்கள் ஊருக்கு ஒருமுறைகூட வர இயலாமல் போனதற்கு வருந்துகிறேன் என்கிறார். சிலை ரயிலில் வந்திருக்கிறது. ஹோட்டல் இல்லை. ரொட்டிக் கூடை இல்லை.

அலமாரியில் அந்தக் கைகள் இருந்தன. என் கையை அவற்றின் மேல் வைத்தேன். "கையுறை போட்டுக்கோங்க மேடம்" என்றாள் காப்பாளர் பெண். நான் தினம் மற்றவர்களுக்குச் சொல்லும் வார்த்தை.

ஒஹாயோ நீதிபதி டேட்டனுக்கு நாற்பது மைல் தள்ளிச் சிலையாக நிற்கிறார். அந்த நீதிமன்றத்துக்கு அடிக்கடி போவேன். அவருடைய காலடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். அண்ணாந்து பார்த்ததில்லை.

அம்மா நாலு வயதிலிருந்து எண்பத்திரண்டு வயது வரை அந்தக் கைகளைப் பார்க்கப் போனார். இதை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று

*

டன்ஸ்பரோ
ஏப்ரல் 19, 2018

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் அவரே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

சபையார் கூடிப் பேசி, கிழக்கு மூலையில் இடம் தந்துவிட்டார்கள். ப்ளௌன்ட் கயிறு கட்டி அளந்தார். "ரெண்டு கைக்கு எதுக்குய்யா ஆறடி?" என்று கேட்டார். "ஆளுக்குத்தான் இடம், கைக்கு இல்லை" என்றேன். அப்புறம் அவர் கேலி பேசவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டினார். போகும்போது, "எங்க சித்தப்பா ஒருத்தர் இருந்தார், அவருக்கும் இடம் இல்ல சீஃபஸ். அதப் பத்தி நாங்க பேசறதில்ல" என்றார்.

நீ எழுதாமல் இருப்பதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று காய்ச்சல். இன்னொன்று, எதையோ கண்டுபிடித்துவிட்டாய். காய்ச்சலாக இருக்கட்டும் என்று ஜெபிக்கிறேன். கர்த்தர் மன்னிப்பாராக.

சீஃபஸ்

*

டேட்டன்
ஏப்ரல் 24, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல்தான். இப்போது பரவாயில்லை.

தாள்கள் நிறைய. வரிசைப்படுத்த வேண்டும். சபையார் இடம் தந்தது நல்லது. கல்லில் எழுத்து வெட்டக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெர்லீன்

*

டன்ஸ்பரோ
மே 6, 2018

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

காய்ச்சல் தணிந்ததற்குத் தோத்திரம். இஞ்சி போட்டுக் குடி. விசாரணை மே 22, செவ்வாய், காலை பத்து மணி. ஒருவருக்கு மூன்று நிமிஷம்.

பிப்ரவரியில் நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். துடைப்பது நான்.

நான் சாலைத் துறையில் இருந்தேன் என்றுதான் உனக்குத் தெரியும். சிலையும் அந்தத் துறையின் பொறுப்பு. ஒவ்வொரு ஏப்ரலும், கவர்னர் பிறந்த நாளுக்கு முன், அதற்கு மெழுகு போட வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. பிறகு நெருப்புக் குழாயால் வெண்கலத்தைச் சூடாக்கி, சூட்டோடு சூடாக மெழுகைத் தேய்ப்பது. ஆறினபின் துணியால் மெருகேற்றுவது. அந்த வேலையை எப்போதும் நம் ஆட்களிடம்தான் தருவார்கள். வெள்ளைக்காரனைச் சுத்தம் பண்ண நாம்தானே. 1979-லிருந்து ஓய்வு பெறும் வரை இருபத்தேழு ஏப்ரல் நான்தான் போட்டேன். அந்த மனிதனின் காது மடலை, சட்டைப் பொத்தானை, செருக்கு மிகுந்த மோவாயை எல்லாம் குளிப்பாட்டியிருக்கிறேன். நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய், ஊர்வலத்தில் கத்திக்கொண்டிருந்தாய். உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

நான் விட்டபிறகு நகரசபையும் விட்டுவிட்டது. கைகளை மட்டும் நானே போய்ச் செய்கிறேன். ஒருமுறை ஒரு போலீஸ்காரப் பையன், "என்ன பெரியவரே, கவர்னர் மேல அவ்வளவு பாசமா?" என்றான். "ஆமாம்ப்பா, சொந்தக்காரர்" என்றேன்.

நீ விசாரணைக்கு வருவாயா? தாள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வா.

சீஃபஸ்

*

டேட்டன்
மே 14, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் தைரியம் இன்று எனக்கு இல்லை.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. ஏப்ரல் இரண்டாம் தேதியே தெரிந்துவிட்டது. பதிவேட்டின் நகலையும் சிற்பியின் கடிதத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன். சுருக்கமாக: சிற்பி டன்ஸ்பரோவுக்கு வந்ததே இல்லை. அந்தக் கைகள் எட்டு வருஷம் முன்பே ஃபிலடெல்ஃபியாவில் வேறொருவரிடம் எடுத்த அச்சு. வேறு இரண்டு சிலைகளுக்கும் அவையே. அவை ஐசமின் கைகள் அல்ல.

என் அறிக்கை பதினெட்டாம் தேதி குழுவுக்குப் போகிறது. இதை நான் விட்டுவிட்டு எழுத முடியாது. எழுதினால் சாட்டர்வைட்டின் கைக்கும் போகும். நீங்கள் எழுந்து நின்று கைகளைக் கேட்டால், அவர் இந்தத் தாளைத் தூக்கிக் காட்டுவார், எல்லார் முன்பும். அதற்கு முன் நீங்கள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐசம் இருந்ததும், ஹோட்டலில் வேலை செய்ததும், 1913-க்குப் பின் எந்தப் பதிவிலும் இல்லாததும் உண்மை. அதை மட்டும் என்னால் தாளோடு சொல்ல முடியும்.

ஆறு வாரம் மறைத்ததற்கு மன்னியுங்கள்.

வெர்லீன்

*

டன்ஸ்பரோ
மே 17, 2018

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

விரைவுத் தபால் நேற்று வந்தது. நான் நலம். உண்மையாகவே நலம். நீ அழுதுகொண்டிருந்தால் நிறுத்து.

1979 ஏப்ரல். எனக்கு இருபத்துநாலு வயது. முதல் முறை ஏணியில் ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மேஸ்திரி பாய்கின். கைகளுக்கு வந்தபோது, இடது சட்டைக் கைக்குள், மணிக்கட்டின் உள்பக்கம், வெண்கலத்தில் ஓர் எண் தெரிந்தது. தரையில் நிற்கிற யாருக்கும் தெரியாது. 14.

"மேஸ்திரி, இதென்ன நம்பர்?"

"அதுவா? பட்டறைல பெட்டி பெட்டியா கை வச்சிருப்பாங்கடா. கால் வேணுமா கால், கை வேணுமா கை. பதினாலாம் நம்பர் எடுத்து மாட்டியிருக்கான். என்னடா முகம் இப்படிப் போவுது? பேய் அடிச்ச மாதிரி நிக்கிற?"

மெழுகு தேய்த்து முடித்தேன். இறங்கினேன். அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து திடல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சோள ரொட்டியும் கீரையும். என் கையைப் பிடித்தார்கள். என் விரலையெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள்.

"தொட்டியா?"

"தொட்டேம்மா."

"சூடா இருந்துச்சா?"

நெருப்புக் குழாய் காட்டின வெண்கலம் சூடாகத்தான் இருக்கும்.

"சூடா இருந்துச்சும்மா" என்றேன்.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் கேட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் கேட்டார்கள். நீ காபி வாங்கப் போயிருந்தாய்.

நீ ஆறு வாரம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறாய். நான் முப்பத்தொன்பது வருஷம். இந்த ஒரு விஷயத்தில் நீ என் பக்கத்தில்கூட வர முடியாது.

பின் ஏன் தாள் கேட்டேன் என்பாய். நீ தேடி, ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதுவாய், அது போதும் என்று நினைத்தேன். ஒன்றும் அகப்படாத இடத்தில் அம்மா சொன்னது நின்றுகொள்ளும். உன் திறமையைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

அறிக்கையை அனுப்பிவிடு. ஒரு வரியும் குறைக்காதே. நீ வா.

சீஃபஸ்

*

டேட்டன்
மே 24, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து மணி நேரம் ஓட்டி நேற்று மாலை பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த சர்க்கரைவள்ளி அடை வழியிலேயே தீர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று காரில் கேட்டீர்கள். சாலை இரைச்சலில் கத்த மனம் வரவில்லை. எழுதுகிறேன்.

சாட்டர்வைட் துணுக்கைப் படித்து முடித்து, "சிறுமி ஆர்லீத்தா" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றியதை நீங்களே பார்த்தீர்கள். உங்கள் பெயரைத் தலைவர் மூன்று முறை கூப்பிட்டார். நான் உங்கள் முழங்கையைத் தொட்டேன். நீங்கள் எழுந்தீர்கள். நீங்கள் பேசியதை நீங்களே சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் அதையும் எழுதிவைக்கிறேன்.

"என் பேரு சீஃபஸ் லாசிட்டர். ஆர்லீத்தா பெட்டிஃபோர்டோட மகன். அந்தப் பேப்பர்ல இருக்கறது நெசம். எங்க ஆளுங்க அங்க தலை குனிஞ்சாங்க. அந்தாளுக்கு இல்ல. எங்க வீட்ல ஒருத்தர சமையக்கட்டுலேருந்து பேர் சொல்லிக் கூப்புட்டுக் கொண்டு போனாங்க. திரும்ப வரல. அவருக்குன்னு தலை குனிய எங்களுக்கு இந்த ஊர்ல வேற எடமே இல்ல. இப்ப சபைல ஒரு கல்லு வைக்கப் போறோம். அடில ஒண்ணும் இருக்காது. மேல பேரு இருக்கும்."

தலைவர் கேட்டார்: "கைகளைக் கேட்டு மனு குடுத்திருக்கீங்களே, மிஸ்டர் லாசிட்டர்?" உங்களுக்குக் கேட்கவில்லை. நான் எழுதிக் காட்டினேன்.

"அத வாபஸ் வாங்கிக்கறேன்" என்றீர்கள். "அது எங்களோடது இல்ல."

நீங்கள் திரும்பி நடந்தபோது சாட்டர்வைட் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கும்படியே, "அப்ப இத்தன வருஷம் யாரைத்தான் பாத்தாங்களாம்?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முடி வெட்டும் லெமுவேல் எழுந்து நின்றார். ப்ளௌன்ட் எழுந்து நின்றார். பின் வரிசையில் எனக்குத் தெரியாத பலர் எழுந்து நின்றார்கள். உங்களுக்குப் பின்னால் நாற்காலிகள் நகர்ந்த சத்தம் அதுதான். நாலுக்கு மூன்று ஓட்டில் சிலையை மறுநாள் காலையே எடுப்பதாக முடிவானது அதற்குப் பிறகு.

மறுநாள் காலை நீங்கள் வரவில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டதால் நான் தனியாகப் போனேன். நடந்தது இது.

ஏழு மணிக்குக் கிரேன் வந்திருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நூறு பேர் இருக்கலாம். அந்தப் பக்கம் சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. மடியில் பயணப் பை. பால்டிமோரிலிருந்து பஸ்ஸில் வந்தாராம்.

"நான் வர்றதுக்குள்ள எடுத்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இன்னும் நிக்குதே, நல்ல வேளை" என்றார்.

"இப்பத்தான் தூக்கறதுக்குப் பட்டை போடறாங்க" என்றேன்.

"கைல படாம போடச் சொல்லும்மா. அது எங்க லூத்தர் மாமா கை."

நான் அவரைப் பார்த்தேன். அவர் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மாவுக்கு மாமா. குதிரை லாயத்துல வேலை பாத்தாராம். சிலை செய்யறவரு குதிரை வாடகைக்கு எடுக்க வந்தப்ப, லகானப் புடிச்சிருந்த கையப் பாத்துட்டாராம். அப்புறம் ஒரு நாள் லாயத்துக்கு ஆளுங்க வந்தாங்க. அதோட சரி. எங்க அம்மா சாகற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவாங்க. தலைய நிமித்த மாட்டாங்க. கண்ணு மட்டும்."

என் தோள்பையில் பதிவேட்டின் நகல் இருந்தது. யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு யாராவது கேட்டிருக்கிறார்களா என்று நான் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் வாய்வரை வந்தன. கிரேன் உறுமியது. சிலை பீடத்திலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்தது.

"நீ யாரப் பாக்க வந்தம்மா?" என்றார்.

"ஐசம்னு ஒருத்தர" என்றேன். "ஹோட்டல்ல வேலை பாத்தார்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இந்தப் பக்கம் வா. இங்கேருந்து நல்லாத் தெரியும்."

போய் நின்றேன்.

தங்கை,
வெர்லீன்